தாத்தாவின் கேமராவும் ஒரு பச்சைச் சீட்டும்

1995 செப்டம்பர். கலிஃபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்கிற இளைஞர், ஒரு விடுமுறை வார இறுதியில் உட்கார்ந்து ஓர் இணையத்தளத்தை எழுதி முடித்தார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏலம் விடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பின்னாளில் இபே என்று பெயர் மாறி உலகப் புகழ் பெற்ற தளம் அது. அதில் விலைபோன முதல் பொருள் எது தெரியுமா?

ஒரு லேசர் பாயின்ட்டர். அதுவும் உடைந்துபோனது.

14 டாலர் 83 சென்ட்டுக்குப் போயிற்று. விற்றவருக்கே மனசு கேட்கவில்லை. இது வேலை செய்யாது, புரிந்துதானே வாங்குகிறீர்கள் என்று எழுதிக் கேட்டார். புரிந்துதான் வாங்குகிறேன், நான் சேகரிப்பதே உடைந்த லேசர் பாயின்ட்டர்களைத்தான் என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். அந்த மகானுபாவர் ஒரு கனடாக்காரர் என்பது பின்னாளில் தெரிந்தது. ஆக, இணையத்தில் பழைய பொருள் விற்கிற சரித்திரத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு தேச எல்லை வந்துவிடுகிறது.

எல்லை என்றால் சுங்கம். சுங்கக்காரர் எந்த ஊராக இருந்தாலும், எந்த நூற்றாண்டாக இருந்தாலும், மூன்றே கேள்விகள்தான் கேட்பார். என்ன இது? எங்கே செய்தது? என்ன விலை? புதுப் பொருளுக்கு இந்த மூன்றும் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். பழைய பொருளுக்கு? உடைந்த லேசர் பாயின்ட்டரை என்னவென்று எழுதுவீர்கள்? அதன் விலை என்பது என்ன, குப்பைத்தொட்டியின் விலையா, அந்தக் கனடாக்காரரின் பைத்தியத்தின் விலையா?

அவ்வளவு தூரம் எதற்கு. நம் வீட்டுப் பரணையே எடுத்துக்கொள்வோம். தாத்தாவின் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா ஒன்று தோல் உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இரட்டைக் கண், மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற போட்டோகிராபருக்கு மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை. அமெரிக்காவில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். விற்றாயிற்று. பஞ்சு வைத்துக் கட்டியாயிற்று. தபாலாபீஸ் கவுன்ட்டரில் ஒரு சின்னச் சீட்டைக் கொடுக்கிறார்கள். சி.என். 22 என்று பெயர். உலகத்தின் பல நாடுகளில் இது பச்சை நிறம். உள்ளே என்ன, எவ்வளவு எடை, என்ன விலை என்று எழுதி, நான் சொல்வதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். மதிப்பு கொஞ்சம் பெரிதென்றால் சி.என். 23 என்று ஒரு பெரிய தாள்.

இந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது?

1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் கூடி உட்கார்ந்தன. கூட்டியவர் ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டெஃபான், ஜெர்மனியின் தபால்துறைத் தலைவர். அதற்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கடிதம் போடுவது ஒரு பெரிய கூத்து. எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் இருக்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் கப்பம். ஒரே ஊருக்கு, ஒரே எடைக்கு, கப்பலைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஸ்டெஃபானின் யோசனை எளிமையானது: கடிதத்தைப் பொறுத்தவரை இத்தனை நாடுகளும் சேர்ந்து ஒரே பிரதேசம். வசூலித்த தபால்தலைக் காசை வசூலித்த நாடே வைத்துக்கொள்ளட்டும். எப்படியும் கடிதம் போனால் பதில் வரும், கணக்கு நேராகிவிடும். அக்டோபர் 9-ம் தேதி கையெழுத்தானது. இன்றைக்கும் அந்தத் தேதிதான் உலக அஞ்சல் தினம். பிரிட்டிஷ் இந்தியா 1876-ல் உள்ளே வந்தது. 1878-ல் சர்வதேச அஞ்சல் ஒன்றியம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே பிரதேசம் என்று சொன்னார்களே தவிர, சுங்க அதிகாரிகள் யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1878 ஒப்பந்தத்திலேயே, தீர்வை கட்ட வேண்டிய பொருள் எதையும் தபாலில் வைக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். காகிதம் போகலாம், பொருள் போகக்கூடாது. ஆனால் ஜனங்கள் விடுவார்களா? இரண்டே வருடத்தில், 1880 நவம்பரில் பாரிஸில் பார்சலுக்கென்று தனி ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. உச்சவரம்பு 3 கிலோ. பார்சல் வந்தது, கூடவே சுங்க வாக்குமூலமும் வந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கப்பல் சரக்கு அனுப்புகிறவர் வியாபாரி. அவருக்கு ஏஜென்ட் உண்டு, குமாஸ்தா உண்டு, எந்தச் சாமானுக்கு என்ன தீர்வை என்பது மனப்பாடம். பார்சல் அனுப்புகிறவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். மகனுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிற ஒரு கிழவி. அவள் எழுதுகிற நான்கு வரியை நம்பித்தான் ஒரு தேசத்தின் கஜானா முடிவெடுக்க வேண்டும். அஞ்சல் ஒன்றியமும் தெளிவாகச் சொல்லிவிட்டது: சீட்டில் எழுதியதற்குத் தபால்துறை பொறுப்பில்லை, அனுப்புகிறவர்தான் பொறுப்பு. காவிரிப்பூம்பட்டினத்தில் சோழ அதிகாரிகள் மூட்டை மூட்டையாகப் பார்த்துப் புலி முத்திரை குத்தி அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே அதிகாரியின் கண் சாட்சி. இங்கே உங்கள் வார்த்தையே சாட்சி.

சரி, வார்த்தை. நம் கேமராவுக்கு வருவோம். எங்கே செய்தது?

சென்னையிலிருந்து போகிறது, அதனால் இந்தியா என்று எழுதத் தோன்றும். தப்பு. சுங்கத்தில் பிறந்த இடம்தான் கணக்கு, வளர்ந்த இடம் இல்லை. கேமரா ஐம்பது வருடம் மயிலாப்பூரில் இருந்திருக்கலாம், ஆனாலும் அது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் பிறந்தது. அதன் உடம்பிலேயே 'மேட் இன் ஜெர்மனி' என்று எழுதியிருக்கும்.

அந்த மூன்று வார்த்தைகளே சுங்கச் சண்டையில் பிறந்தவைதான். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகள் என்று பெயர் போட்டுக்கொண்டு பிரிட்டனில் விலைபோயின. கடுப்பான பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1887-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்கு மாதிரி வேஷம் போடக்கூடாது, பிறந்த ஊரைச் சொல்ல வேண்டும். ஜெர்மன் சாமானைப் பார்த்ததும் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தார்கள். நடந்தது நேரெதிர். அட, நன்றாக உழைக்கிறதே என்று அந்த முத்திரையையே தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். அவமானத்துக்குக் குத்திய சூடு அழகுப் பச்சையாகிவிட்டது.

1890-ல் அமெரிக்கா இன்னும் ஒருபடி மேலே போனது. மெக்கின்லி தீர்வைச் சட்டம். இறக்குமதியாகிற பொருள்மீது பிறந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியே ஆகவேண்டும். 1891-ல் அமலுக்கு வந்தது. ஜப்பானியர்கள் தங்கள் பீங்கான் கோப்பைகளில் 'நிப்பான்' என்று எழுதி அனுப்பினார்கள். முப்பது வருடம் அப்படியே ஓடியது. 1921-ல் அமெரிக்கச் சுங்கத்துக்குத் திடீரென்று ஞானோதயம். நிப்பான் என்பது ஜப்பானிய வார்த்தையாயிற்றே, ஆங்கிலம் இல்லையே? இனிமேல் 'ஜப்பான்' என்று எழுது. இரண்டாம் உலகப்போரில் தோற்ற பிறகு ஒரு காலம், 1952 வரை, ஏற்றுமதிப் பொம்மைகளிலும் கோப்பைகளிலும் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்றே முத்திரை. ஒரு தேசத்தின் தோல்வியைத் தேநீர்க் கோப்பையின் அடியில் அச்சிட்டு உலகமெல்லாம் அனுப்பிவைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரோ ஒரு சுங்க அதிகாரியின் பிடிவாதத்தில் பிறந்த இந்த எழுத்துகள்தான் இன்றைக்குப் பழைய பொருள் வியாபாரிகளுக்குப் பஞ்சாங்கம். கோப்பையைத் தலைகீழாகத் திருப்புவார்கள். 'நிப்பான்' என்றிருந்தால் 1921-க்கு முந்தையது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்றால் போருக்குப் பிந்தைய அந்தச் சில வருடங்களைச் சேர்ந்தது. 'சோவியத் யூனியன்' என்று பொறித்த கேமராவைப் பார்சல் கட்டுகிறவருக்கு வேறு தலைவலி. பிறந்த நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அந்த நாடே 1991-ல் காணாமல் போய்விட்டது.

விலைக்கு வருவோம். பழைய பொருளின் விலையை யார் தீர்மானிப்பது என்பது ரொம்ப நாள் சண்டை. வாங்கியவர் கொடுத்த விலையைச் சுங்கம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று அந்தக் காலத்தில் கட்டாயம் இல்லை. இது நியாயமாக என்ன விலை போகும் என்று அதிகாரியே ஒரு கற்பனை விலை போடலாம். அமெரிக்கா 1922-ல் சில வகைச் சாயப் பொருள்களுக்கு ஓர் அநியாயமான ஏற்பாடு செய்தது. நீ எவ்வளவுக்கு விற்றாய் என்பது பேச்சில்லை, அதே மாதிரிப் பொருளை அமெரிக்கக் கம்பெனி என்ன விலைக்கு விற்கிறதோ அதன்மீது தீர்வை. 1979-ல் முடிந்த டோக்கியோ சுற்றுப் பேச்சுவார்த்தையில்தான் இதற்கெல்லாம் முடிவு கட்டி, உண்மையில் கொடுத்த விலைதான் முதல் அளவுகோல் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. பழைய பொருள் விற்கிறவர்களுக்கு இது பெரிய வரம். கேமராவுக்குக் கடை விலை இல்லாமல் போகட்டும், ஏலத்தில் இவ்வளவுக்குப் போனது என்ற ரசீது இருக்கிறதே! அந்தத் தாளைப் பார்சலுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

விவரம் தெரியாதவர்கள், அல்லது ரொம்பத் தெரிந்தவர்கள், வேறொரு காரியம் செய்வார்கள். சீட்டில் விற்பனைப் பொருள், பரிசு, ஆவணம், வணிக மாதிரி, திரும்ப அனுப்பும் பொருள், மற்றவை என்று கட்டங்கள் இருக்கும். 'பழையது' என்று ஒரு கட்டம் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவரிடமிருந்து நைசாக ஒரு கடிதம் வரும். பரிசு என்று டிக் பண்ணிவிடுங்களேன், பத்து டாலர் என்று போடுங்களேன். கேட்பவருக்கு லாபம். கையெழுத்து உங்களுடையது. மாட்டினால் பொய் வாக்குமூலம் கொடுத்தவர் நீங்கள். வழியில் தொலைந்தால் இன்னும் மோசம். நஷ்டஈடு கேட்கப் போனால் உங்கள் கைப்பட எழுதிய பத்து டாலரை எடுத்துக் காட்டுவார்கள். பரிசுக் கட்டத்தை ஜனங்கள் எவ்வளவு துஷ்பிரயோகம் செய்தார்கள் என்பதற்கு நம் ஊரே சாட்சி. வெளிநாட்டு விற்பனைத் தளங்களிலிருந்து வருகிற சாமான்களெல்லாம் பரிசு வேஷத்தில் வந்து இறங்க, 2019 டிசம்பரில் இந்திய அரசு தபாலிலும் கூரியரிலும் பரிசு என்று சொல்லி இறக்குமதி செய்வதையே தடை செய்தது. இரண்டுக்கு மட்டும் விலக்கு. உயிர்காக்கும் மருந்து, ராக்கி கயிறு. கயிறு மட்டும்தான், கூட வரும் பரிசு கிடையாது.

இன்னொரு வம்பு, வயது. நம் கேமராவுக்கு அறுபது, எழுபது வயது இருக்கும். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு என்றால் கதையே வேறு.

கலைப்பொருள் சேகரிக்கிற பணக்காரர்களுக்காக அமெரிக்கா 1909-லேயே, நூறு வயது தாண்டிய கலைப்பொருளுக்குத் தீர்வை இல்லை என்று சொல்லியிருந்தது. 1930-ல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது நூறு வயது என்பதற்குப் பதிலாக 1830-க்கு முன்னால் செய்தது என்று வருடத்தையே போட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கணக்கு சரி. வருடங்கள் ஓடின, சட்டத்தில் இருந்த 1830 ஓடவில்லை. 1965-ல் ஒரு நாற்காலி பழம்பொருள் என்று பெயர் வாங்க 135 வயது ஆகியிருக்க வேண்டும்! 1966-ல்தான் மறுபடி நூறு வயதுக்கு மாற்றினார்கள். 1988-ல் அமலுக்கு வந்த உலகப் பொதுவான சுங்கப் பட்டியலிலும் நூறு வயது தாண்டிய பழம்பொருளுக்கு 9706 என்று தனி எண் கொடுத்தாயிற்று.

அந்தப் பக்கம் கதவைத் திறக்கிற அதே நூறு, இந்தப் பக்கம் கதவைச் சாத்துகிறது. சிலைகளும் செப்பேடுகளும் கப்பல் கப்பலாகப் போனதைப் பார்த்துப் பட்ட பிறகு, இந்தியா 1972-ல் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம் கொண்டுவந்தது. 1976-லிருந்து அமல். நூறு வயதான சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் எதையும் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மதிப்புள்ள சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் 75 வயதே போதும். மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று வருடம் ஜெயில். 99 வயது விளக்குக்கும் 101 வயது விளக்குக்கும் என்ன வித்தியாசம் என்று பாட்டிக்கே தெரியாது. அதனால்தான் இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடமே சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிற வழக்கம். எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் கோபம் இல்லை. கோயிலிலிருந்து போன விக்கிரகங்களின் கதை தெரிந்த யாருக்கும் இருக்காது. ஆனால் விளக்கு விற்கிற பாட்டியும் விக்கிரகம் கடத்துகிறவனும் ஒரே வரிசையில் நின்று ஒரே சீட்டை நிரப்ப வேண்டியிருக்கிறது. சொல்லப்போனால் கடத்துகிறவன் இன்னும் அழகாக நிரப்புவான்.

பொருளின் உடம்பிலேயே வம்பு இருப்பதும் உண்டு. பழைய வீணையில் யானைத்தந்த வேலைப்பாடு இருந்தால் அது எங்கேயும் போக முடியாது. ஈட்டிமர வகைகள் மொத்தத்தையும் 2017 ஜனவரியில் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். உலகமெங்கும் கிதார் விற்கிறவர்கள் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். கட்டிலும் மேஜையும் செய்கிறவர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் சிக்கியது சங்கீதக்காரர்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தபிறகுதான் மூச்சு வந்தது.

யாருக்கோ போட்ட வலை, யாரோ சிக்குவது. சின்னப் பார்சலின் சரித்திரம் முழுக்க இதேதான். இதற்கு மிகப் பெரிய உதாரணம் 2025-ல் நடந்தது.

1938-ல் அமெரிக்காவில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரு டாலர் சாமானுக்குத் தீர்வை வசூலிக்க, ஓர் ஆளை உட்காரவைத்து, ரசீது போட்டு, கணக்கெழுதினால் வசூலைவிடச் செலவு அதிகம். அதனால் ஒரு டாலருக்கு உட்பட்டதை அப்படியே விட்டுவிடு, பரிசென்றால் ஐந்து டாலர் வரை விடு என்று ஒரு சட்டப்பிரிவு. ஏழை பாழைகளுக்கும் சுங்க குமாஸ்தாவுக்கும் நிம்மதி. 1993-ல் இந்த வரம்பு 200 டாலர் ஆனது. 2016-ல் 800. இபேயில் கேமரா விற்கிறவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். பார்சல் நேராக வாசலுக்குப் போகும், ஒரு பைசா தீர்வை கிடையாது.

யாருக்கு இன்னும் பெரிய கொண்டாட்டம் என்று பார்த்தால், ஷீன், டெமு மாதிரியான சீனத்துக் கடைகளுக்கு. கப்பலில் ஒரு கன்டெய்னர் சட்டை அனுப்பினால் தீர்வை. அதையே ஒவ்வொரு சட்டையாகப் பார்சல் போட்டால் தீர்வை இல்லை. சும்மா இருப்பார்களா? 2015-ல் இந்த வழியில் அமெரிக்காவுக்குள் வந்த பார்சல்கள் சுமார் 14 கோடி. 2024-ல் 136 கோடி.

இதே நாடகம் ஏற்கெனவே வேறு மேடைகளில் நடந்திருக்கிறது. பிரிட்டனுக்குப் பக்கத்துச் சின்னத் தீவுகளான ஜெர்சியிலும் கெர்ன்சியிலும் கிடங்கு போட்டு, சி.டி.யும் டி.வி.டி.யும் வரியில்லாமல் தபாலில் அனுப்பிக் கொழித்தார்கள். லண்டன் 2012 ஏப்ரலில் அந்தச் சலுகையை வெட்டியது. ஐரோப்பிய யூனியன், 22 யூரோ வரை மதிப்புக்கூட்டு வரி இல்லை என்றிருந்ததை 2021 ஜூலையில் ஒழித்தது. சின்னவர்களுக்காகத் திறந்த ஜன்னல், பெரியவர்கள் அதன் வழியாக லாரி ஓட்டியது, கடைசியில் ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்தது.

அமெரிக்கா 2025 மே மாதம் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் அடைத்தது. ஆகஸ்ட் 29-ல் உலகம் முழுமைக்கும். பரிசுக்கு 100 டாலர் வரை மட்டும் சின்ன இடைவெளி. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று எந்த நாட்டுத் தபால்துறைக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரியாதபோது செய்யக்கூடியது ஒன்றுதான். கவுன்ட்டரை மூடு. 88 தபால் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுசாகவோ பாதியாகவோ நிறுத்தின. அமெரிக்கா போகிற தபால் ஒரே வாரத்தில் சுமார் 80 சதவிகிதம் விழுந்தது என்று அஞ்சல் ஒன்றியம் கணக்குச் சொன்னது. இரண்டு உலகப்போர்களைப் பார்த்த ஒன்றியம் அது.

இந்தியத் தபால்துறை ஆகஸ்ட் 25-ல் பார்சலை நிறுத்தியது. கடிதமும் சின்னப் பரிசும் போகும் என்றார்கள். வாரம் முடிவதற்குள் அதையும் நிறுத்தினார்கள். அக்டோபர் 15-ம் தேதிதான் கவுன்ட்டர் மறுபடி திறந்தது. அன்றைய தேதிக்கு அமெரிக்கா இந்தியச் சரக்குக்குப் போட்டிருந்த தீர்வை 50 சதவிகிதம். அதை அங்கே வாங்குகிறவர் கட்ட வேண்டாம், அனுப்புகிறவரே இங்கே புக் செய்யும்போதே கட்டிவிட வேண்டும் என்பது புது ஏற்பாடு. சீட்டில் நீங்கள் எழுதுகிற விலையின்மேல்தான் அந்தக் கணக்கு.

பேனாவால் எழுதிய சீட்டுக்கும் மவுசு போய்விட்டது. 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பார்சல்களில், பிரின்டர் மைப் பெட்டிக்குள் வெடிகுண்டு இருந்தது. அதன்பிறகு பார்சல் வருவதற்கு முன்னால் அதன் ஜாதகம் வந்தாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தபாலில் வந்த போதை மருந்துகள் அதை இன்னும் அவசரமாக்கின. அமெரிக்கா 2018-ல் சட்டமே போட்டது. 2021-லிருந்து பொருள் அடங்கிய எந்தப் பார்சலுக்கும் விவரங்கள் கம்ப்யூட்டர் வழியாக முன்கூட்டியே போகவேண்டும் என்பது உலகம் முழுக்க விதி. வியாபாரமாக அனுப்புகிறவர்களுக்கு நம் ஊரில் ஏற்றுமதி எண்ணும் வேண்டும், தபால் ஏற்றுமதிப் பத்திரமும் வேண்டும். பழைய மாதிரி பெருநகரத்து வெளிநாட்டுத் தபால் அலுவலகத்தில் போய் நிற்காமல், அந்தந்த ஊரிலேயே பத்திரம் போட 2022-லிருந்து ஏற்றுமதி மையங்கள் திறந்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

ஆனால் கவுன்ட்டரில் இருக்கிற அம்மா கீபோர்டில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்த்துக் கேட்பது அதே மூன்று கேள்விகள்தான்.

"உள்ள என்ன சார்?"

"கேமரா. பழசு."

"பழசுன்னு போட இடம் இல்ல. எந்த நாட்டுது?"

"ஜெர்மனி. ஆனா ஐம்பது வருஷமா இங்கதான் இருக்கு."

"ஜெர்மனின்னே போடறேன். விலை எவ்ளோ சார்?"